கண்ணை மூடிக்கொண்டு சொன்னது

மகனே,

ஊர் போய்ச் சேர்ந்ததும் நீ போட்ட கடிதம் கிடைத்தது. அடுத்த மாதம் ஆலயத்தில் கல்யாணம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையுமாக நம் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது, பெரியத்தை இருந்தால் செய்வதைப் போல நான் உங்கள் இருவர் தலையிலும் கை வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஜெபம் செய்து உள்ளே அழைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். "இனிமே அந்த இடம் உனக்குத்தாம்மா" என்று ஒரு வரி வேறு. உன் அப்பா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. பெரியத்தையின் நினைவு ஆராதனையில் நீ எழுந்து பேசினாயே, அன்றைக்கு வந்த கோபம் அது. நீ பஸ் ஏறும்வரை அடக்கிக்கொண்டு, பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். இனி அடக்குவதாக இல்லை.

அன்றைக்கு நீ பேசியது உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. "மாமா ஆஸ்பத்திரியில் கிடந்த நாளில் எங்கள் வீட்டில் விசுவாசம் குறைந்துபோயிருந்தது. அம்மாவால் ஜெபிக்க முடியவில்லை. மாமாவை இழந்தோம். ஆனாலும் பெரியத்தையின் ஜெபம் அம்மாவைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தது." மைக்கைப் பிடித்துக்கொண்டு அழகாகத்தான் பேசினாய். ஆலயம் நிறைய ஆட்கள் "ஸ்தோத்திரம்" என்றார்கள். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த என்னை ஒவ்வொருத்தியும் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினாள். நான் பெற்ற பிள்ளை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், என் தம்பியின் சாவைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டு, நல்ல காரியம் செய்த முகத்தோடு போய் உட்கார்ந்தான். மற்றவர்கள் சொல்லிக் கேட்டுப் பழகிவிட்டேன். உன் வாயால் கேட்பேன் என்று நினைக்கவில்லை.

இந்தக் கடிதத்தை, பத்திரிகை கொடுக்க உன் அப்பா அந்தப் பக்கம் வரும்போது அவர் கையில் கொடுத்தனுப்புவேன். உறையை ஒட்டப் போவதில்லை. வழியில் அவர் படித்தாலும் படிக்கட்டும். நீ கட்டிக்கொள்ளப் போகிறவளும் படிக்கட்டும், அவளைப் பெற்றவர்களும் படிக்கட்டும். என் விஷயத்தைத்தான் இத்தனை வருஷமாக ஊரே பேசிக்கொண்டிருக்கிறதே, நான் மட்டும் எதற்கு உறைக்குள் மூடி வைக்க வேண்டும்? என் வாயால் ஒருமுறை முழுக்கச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பெரியத்தையைப் பற்றி. அவரைப் பழிக்க உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைக்காதே. உன் அப்பாவுக்கு மூத்த அக்கா, எனக்கும் இந்த ஊருக்கும் பெரியக்கா. சின்ன வயதிலேயே புருஷனை இழந்து, தாயில்லாத உன் அப்பாவைத் தன் பிள்ளையாக வளர்த்தவர். திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களில் மிளகாய் வத்தல் வாங்கி, அருப்புக்கோட்டையில் விற்று, ஆண்கள் மட்டுமே நின்ற அந்த வியாபாரத்தில் ஒருத்தர் கூட ஏமாற்ற முடியாதபடி நின்று காட்டியவர். ஞாயிற்றுக்கிழமை ஆலய மணி அடிப்பதற்கு முன்பே முன்வரிசையில் அவர் தலை தெரியும். சோற்றுக்கு அரிசி களையுமுன் ஒரு பிடி எடுத்துக் காணிக்கைப் பானையில் போடாமல் ஒருவேளைகூட உலை வைத்ததில்லை. மழை பொய்த்து, நாங்களே கேப்பைக் கூழ் குடித்த வருஷத்தில்கூட அந்தப் பிடி குறையவில்லை. எனக்கு அம்மை போட்டபோது, என் சொந்த அத்தைமார்கூட வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெரியக்கா உள்ளே வந்து, பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வேப்பிலை கொண்டு வருடிக்கொடுத்தார். "ஒனக்குக் கண்டது எனக்கும் வரட்டுமே, போ" என்றார். நான் அவரை என் அம்மாவைவிட ஒரு படி மேலேதான் வைத்திருந்தேன். அப்படி வைத்திருந்ததால்தான் இவ்வளவு வலிக்கிறது.

இப்போது உன் மாமா. தங்கராசு எனக்கு இளையவன், பரளச்சியில் எங்கள் வானம் பார்த்த நிலத்தைப் பார்த்துக்கொண்டு அம்மாவோடு இருந்தான். நானும் நீயும் லீவுக்கு அங்கே போயிருந்த அந்தக் கோடையில் கிணற்றில் தூர் வாரும்போது கயிறு அறுந்து, மண் நிறைந்த கூடை அவன் மேல் விழுந்துவிட்டது. மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கு லாரியில் போட்டுக்கொண்டு போனோம். உனக்கு அப்போது பதினொரு வயது. உன்னை யாரிடமும் விட முடியாமல் கூடவே கூட்டிப்போனேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரோரமாக உட்கார்ந்து, உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் விடாமல் ஜெபித்தேன். வாய்விட்டு ஜெபித்தேன். என் தொண்டை கட்டிப்போனதும் நீயே எழுந்து போய்க் குழாயில் தண்ணீர் பிடித்துவந்து கொடுத்தாய். மைக்கின் முன்னால் நின்றபோது அந்தத் தண்ணீர்க் குவளை உன் நினைவுக்கு வரவில்லையா? உன் காதால் கேட்டதை விட்டுவிட்டு, ஊர் சொன்னதை எடுத்துக்கொண்டாயே, அதுதான் எனக்குப் புரியவில்லை.

பெரியக்கா ஊரில் இருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். வந்தவுடன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "பிழைச்சிருவான் தாயி. காலையில எனக்கு வசனம் கெடச்சிருச்சு. ஒனக்குச் சந்தேகமே வேண்டாம்" என்றார். வேதத்தைத் திறந்ததும் கண்ணில் படுகிற வசனத்தைக் கர்த்தரின் பதிலாக எடுத்துக்கொள்வது அவர் வழக்கம், உனக்குத் தெரியும். என் அம்மாவிடமும் அதையே சொன்னார். அம்மா அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அவன் திரும்பி வந்தால் கட்டிக்கொள்ளப் புது வேட்டிகூட எடுத்து வைத்தாள். தங்கராசு பிழைக்கவில்லை. அந்த வேட்டியைத்தான் அவன் மேல் போர்த்தினோம்.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஜெபம் வராமல் போனது. "பிறகுதான்" என்ற அந்தச் சொல்லை நன்றாகப் பார்த்துக்கொள், இந்தக் கடிதம் முழுவதும் அதற்காகத்தான். கர்த்தர்மேல் கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. முழங்காலில் நிற்பேன், கண்ணை மூடுவேன், உள்ளே ஒன்றும் இருக்காது. பக்கத்தில் இருக்கிறவர்களுக்காக உதட்டை மட்டும் அசைப்பேன். ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக் கொடுக்கிறவள் நான். பிள்ளைகள் கைகூப்பிக்கொண்டு என் வாயைப் பார்க்கும்போது, இதுகளை ஏமாற்றுகிறோமே என்று உடம்பெல்லாம் கூசும். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போல இருந்தது. ஒரு மத்தியான வேளையில் பெரியக்காவும் நானும் மட்டும் உட்கார்ந்து வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தோம். நெடியில் இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர். அந்தச் சாக்கில் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். அவர் வத்தலைத் தள்ளி வைத்துவிட்டு என்னைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"அழாத தாயி. இது நமக்குள்ளயே இருக்கட்டும். மனுசங்க யாருட்டயும் நான் மூச்சு விடமாட்டேன். கர்த்தர்ட்ட மட்டுந்தான் சொல்லுவேன்" என்றார்.

எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? அன்றைக்கு நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்றேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமைப் பெண்கள் ஜெபக்கூட்டம் நம் வீட்டில். நான் அடுப்படியில் சுக்குக் காப்பி போட்டு எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, வந்து வாசற்கதவோரம் உட்கார்ந்தேன். பெரியக்கா ஜெபிக்க ஆரம்பித்தார். அவர் குரல் உனக்குத் தெரியும்தானே, வத்தல் ஏலத்தில் பழகிய குரல், தெருமுனைக்குக் கேட்கும். "ஆண்டவரே, இந்த வீட்டுக்கு வாழ வந்த மகளக் கண்ணோக்கிப் பாரும். ஜெபம் பண்ண முடியலங்கிறாளே. ஒதட்ட மட்டும் அசைக்கேங்கிறாளே. இந்த அவிசுவாசம் எப்ப வீட்டுக்குள்ள வந்துச்சோ, எங்களுக்குத் தெரியலையே. அதனாலதான் அந்த ஆம்பளப் பிள்ளைய இழந்தமோ ஆண்டவரே" என்றார். கண்ணை இறுக மூடியிருந்தார், கன்னத்தில் தண்ணீர் வடிந்தது. நடிப்பு ஒன்றும் இல்லை, மனசார அழுதார். சுற்றி இருந்த பெண்களில் பாதிப் பேர் கண்ணைத் திறந்துவிட்டார்கள். என்னைத்தான் பார்த்தார்கள்.

எல்லோரும் போனபின் கேட்டேன். "ஏங்க்கா இப்படிச் செஞ்சீக?"

"என்னத்தச் செஞ்சேன்?"

"யாருட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்னீகளே."

"யாருட்டச் சொன்னேன்? கண்ண மூடிக்கிட்டு அவருட்டதான சொன்னேன்."

"அம்புட்டுப் பேரும் கேட்டுக்கிட்டு இருந்தாகளேக்கா."

"நான் அவர்ட்டப் பேசும்போது அவுக ஒட்டுக் கேட்டா, அது அவுக தப்பு" என்றார். முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. கொடுத்த வாக்கை அட்சரம் பிசகாமல் காப்பாற்றிவிட்டதாகவே கடைசிவரை நம்பினார். உன் அப்பாவிடம் போய்ச் சொன்னேன். "அக்கா ஜெபந்தான பண்ணுனாக, திட்டவா செஞ்சாக?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். இப்போது இதைப் படிக்கும்போதாவது அவருக்கு உறைக்கிறதா என்று பார்.

அடுத்த வாரத்திலிருந்து எனக்காக ஜெபிக்க ஆட்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்து, அவர்கள் முன்னால் முழங்காலில் நின்று, கை வைத்து ஜெபிக்கத் தலையைக் குனிந்து கொடுப்பது என் வேலையாகப் போனது. ஞாயிறு பள்ளியில் "நீங்க கொஞ்ச நாள் ஓய்வு எடுங்க" என்று என் சின்னப் பிள்ளைகளை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டில் தறி போட்டிருந்த அந்தத் தெலுங்கு பேசும் அம்மா, அவர்களுக்கும் நம் ஆலயத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ஒருநாள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஏங்க்கா, ஒங்களுக்குச் சாமி கும்பிட வரமாட்டேங்குதாமே? எங்க அம்மனுக்கு வேணும்னா நேந்துக்கிறவா?" என்று கேட்டார். அந்த மாதத்தில் நான் சிரித்தது அன்றைக்கு ஒருநாள்தான். அவர் ஒருவர்தான் என்னிடமே நேராகக் கேட்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் போகட்டும் என்று நான் விட்டிருப்பேன். பேச்சு பஸ் ஏறிப் பரளச்சிக்குப் போனதைத்தான் என்னால் விட முடியவில்லை. போகிற வழியில் அது முன்பின்னாகத் திரும்பிவிட்டது. தம்பி செத்ததால் அக்காளுக்கு ஜெபம் வரவில்லை என்று போக வேண்டியது, அக்காள் ஜெபிக்காததால் தம்பி செத்தான் என்று போய்ச் சேர்ந்தது. அதைத் திருப்பி விட்டது பெரியக்காவின் அந்த "அதனாலதான் இழந்தமோ" தான். என் அம்மா மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏத்தா, ஒந் தம்பி குத்துயிரா கெடந்தப்ப நீ ஜெபிக்கவே இல்லையாமே? பெரியக்காவுக்குப் பிழைப்பான்னு வசனமே வந்துச்சே. நீ ஜெபிச்சிருந்தா எம் பிள்ள இருந்திருப்பானாமே?"

"இல்லம்மா. நான் ஜெபிச்சேன். நீயும் பக்கத்துலதான இருந்த?" என்றேன்.

"ஒதட்ட அசைச்சத நானும்தான் பார்த்தேன். உள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? பெரியக்காவே ஜெபத்துல சொன்னாகளாமே. அவுக கர்த்தர்ட்டப் போயி பொய் சொல்லுவாகளா?" என்றாள்.

நான் சொன்னால் அம்மா நம்பமாட்டாள். இந்த வட்டாரத்தில் ஒரே ஒருவர் சொன்னால் நம்புவாள். அதனால் பெரியக்காவிடமே போனேன். "எங்கூட ஒருக்கா பரளச்சிக்கு வாங்கக்கா. எங்கம்மாட்ட ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. அவன் போன பெறகுதான் இவளுக்கு இப்படி ஆச்சுன்னு சொல்லுங்க, போதும்" என்று கேட்டேன். காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். "ஜெபிச்சுட்டுச் சொல்றேன் தாயி" என்றார். மறுவாரம் கேட்டேன். "இன்னும் வழிநடத்துதல் வரல" என்றார். அப்புறம் வெயில் என்றார், முழங்கால் வலி என்றார். திருச்சுழிக்கும் அதைத் தாண்டியும் வத்தல் கொள்முதலுக்கு அதே முழங்காலோடு போய்வந்துகொண்டுதான் இருந்தார். ஏன் வரவில்லை என்று நான் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால், எல்லோரும் ஜெபித்தும் தங்கராசு செத்தான், தனக்குக் கிடைத்த வசனம் பலிக்கவில்லை என்று அவர் ஒத்துக்கொள்ள வேண்டிவரும். அதைவிட நான் பழி சுமப்பது அவருக்கு லேசாக இருந்தது. அம்மைப் பாயில் என் பக்கத்தில் உட்காரத் துணிந்தவருக்கு இந்தத் துணிச்சல் வரவில்லை. இதை நான் மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் கடிதம் அழகாக இருக்கும், ஆனால் பொய்யாகிவிடும்.

அம்மா அதற்குப் பிறகும் சில வருஷம் இருந்தாள். நம் வீட்டுக்கு வருவாள், நான் போட்ட சோற்றைச் சாப்பிடுவாள், உனக்குச் சீனிச் சேவு வாங்கிவருவாள். தம்பி பேச்சை நான் எடுத்தால் மட்டும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். திருப்பின முகத்தோடேயே போய்ச் சேர்ந்தாள்.

நான் ஆலயத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். உன் அப்பா கெஞ்சினார், கத்தினார், அப்புறம் விட்டுவிட்டார். நீ முதன்முதலாக நற்கருணை வாங்கும் திடப்படுத்தல் ஆராதனை வந்தபோது, நீ வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, "அம்மா, நீ வரலேன்னா எல்லாரும் கேப்பாங்கம்மா" என்றாய். அதற்காக வந்தேன், உனக்காக மட்டும்தான் வந்தேன். மறு ஞாயிறு பெரியக்கா சபை நடுவில் எழுந்து நின்று, அத்தனை வருஷம் முழங்காலில் நின்றதற்குக் கர்த்தர் பதில் கொடுத்துவிட்டார், தொலைந்துபோன மகள் திரும்பி வந்துவிட்டாள் என்று சாட்சி சொன்னார். நான் திரும்பி வந்ததாக நான் சொல்லவே இல்லை. நான் வராமல் இருந்ததும் அவருடையதாகப் போனது, வந்ததும் அவருடையதாகப் போனது. அந்தச் சாட்சியைத்தான் நீ மனப்பாடம் செய்து அவர் நினைவு ஆராதனையில் ஒப்பித்திருக்கிறாய்.

கடைசி மாதங்களில் அவரைப் பார்த்துக்கொண்டது யார் என்று உனக்குத் தெரியும். குளிப்பாட்டியது நான், சேலை மாற்றியது நான், கஞ்சி ஊட்டியது நான். கடமைக்காக மட்டும் என்று சொல்லமாட்டேன், அந்தக் கையை எனக்குப் பிடித்தும் இருந்தது. ஒரு காலை நேரம், நல்ல தெளிவாக இருந்தார். "தெனமும் ஒம் பேரச் சொல்லித்தான் ஜெபிக்கேன் தாயி" என்றார். நான் கேட்டுவிட்டேன். "அக்கா, எங்கம்மாட்டப் போயி அந்த ஒரு வார்த்தையச் சொல்லியிருக்கலாம்லக்கா?" என்னையே பார்த்தார். நான் கேட்டது புரிந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்புறம் மெல்லக் கண்ணை மூடினார், உதடு அசைய ஆரம்பித்தது. எனக்குச் சொல்ல வேண்டிய பதிலை அவர் வேறு இடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நீ நல்ல பிள்ளை, உனக்கு அறிவுரை அதிகம் தேவையில்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். உனக்கு வாய்க்கப் போகிறவள் ஒருநாள் உன்னிடம் ஒரு விஷயம் சொல்வாள். ரசம் தாளிக்கும்போது சொல்வாள், பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொல்வாள். உன்னிடம் சொன்னால் போதும் என்று நினைத்துத்தான் சொல்வாள். அதை என்னிடம் கொண்டுவராதே, உன் அப்பாவிடமும் போதகரிடமும் கொண்டுபோகாதே. கர்த்தரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்றால் வாய்க்குள் சொல். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அப்புறம் நீ எனக்குச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆலயத்தில் உன் கல்யாண அறிவிப்பு ஓலையை வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமை நீ ஊருக்கு வருவாய். அன்றைக்கு எழுந்து நின்று, முன்பு சொன்ன அதே ஆட்களிடம், "மாமாவுக்காக அம்மா ஜெபித்தார்கள், நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். மாமா இறந்த பிறகுதான் அவர்களால் ஜெபிக்க முடியாமல் போனது. நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்று சொல். பெரியத்தையைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் குறையாகப் பேச வேண்டாம். என் அம்மாவுக்குத்தான் கேட்காது. மற்றவர்களுக்குக் கேட்கட்டும்.

நீ சொன்னாலும் சொல்லாவிட்டாலும் கல்யாணத்தன்று நான் வாசலில் நிற்பேன். நீ என் பிள்ளை, அவள் வாழ வருகிறவள். இருவர் தலையிலும் கை வைப்பேன், ஆனால் ஒரு வார்த்தை வெளியே வராது. சொந்தக்காரர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். அந்த நேரம் நான் ஜெபித்தேனா, சும்மா நின்றேனா என்று நீ கேட்காதே. இத்தனை வருஷத்துக்குப் பிறகு எனக்கு இப்போது ஜெபம் வருகிறதா இல்லையா என்பதை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை. உன்னிடம் ஒருநாள் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன்.

அம்மா